தொண்ணூற்று மூன்றில் கொதிக்கும் தண்ணீர்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கெட்டிலின் மூடியைத் திறந்து ஆய்வக வெப்பமானியை உள்ளே விட்டேன். அடுப்பில் நிலக்கரி நன்றாகப் பிடித்திருந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தொண்ணூற்று மூன்று டிகிரி. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் ஏறவில்லை. கல்யாணமாகி இருபது வருடங்களில் எர்மெக் இப்படி எத்தனையோ பார்த்துவிட்டார். காலிக் கிண்ணத்தோடு பின்னால் நின்றபடி, "தண்ணிக்குக் காய்ச்சலா? எனக்கு டீ உண்டா இல்லையா?" என்றார். அந்தத் தண்ணீரை வாசலில் கொட்டினேன். விழுந்த இடத்திலேயே உறைந்து கண்ணாடியாகிவிட்டது. டீக்கு வேறு தண்ணீர் வைத்தேன்.

காரணமில்லாமல் செய்யவில்லை. இத்தனை வருடங்களாக எங்கள் கல்லூரி பள்ளி ஆசிரியர்களை மட்டும்தான் உருவாக்கியது. வேதியியலும் உயிரியலும் ஒரே பாத்திரத்தில் கிளறியது போல. இந்த செப்டம்பரிலிருந்து எங்கள் மலையூரான நரினிலேயே வேதியியலுக்கென்று தனியாக நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கலாம் என்கிறார்கள். தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் குழு எங்கள் பாடத்திட்டத்தை ஏற்க வேண்டும். திட்டத்தை எழுதப்போவது நான். இயக்குநர் என் பெயரைச் சொன்னபோது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.

வெளியே வந்ததும் துறைத் தலைவர் சுயுன்பெக் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"கனிஷாய், படிப்பைத் திறக்கறது இருக்கட்டும். உன் பொண்ணு இதுல சேருவாளா?"

சிரித்து மழுப்பினேன். ஐபீகே இந்தக் கோடையில் பதினொன்றாம் வகுப்பு முடிக்கிறாள். வேதியியல்தான் படிப்பேன் என்று ஏழாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள். பிஷ்கெக்கில் நாத்தனார் வீட்டில் அவளுக்கு அறையும் கட்டிலும் தயார். அது அவருக்கும் தெரியும்.

"நீ சமைக்கிறதை உன் வீட்டுப் பிள்ளையே சாப்பிடலைன்னா, ஊர்ல எவன் தட்டை நீட்டுவான்?" என்று சொல்லிவிட்டுப் போனார். வேடிக்கையாகத்தான் சொன்னார். முழுக்க வேடிக்கை இல்லை.

பிப்ரவரி 6

பிஷ்கெக் பல்கலைக்கழகத்தின் திட்டத்தை அப்படியே பார்த்து எழுதலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுதலாம். சட்டை கடையில் அழகாகத்தான் தொங்குகிறது, நம் உடம்புக்குப் பொருந்த வேண்டுமே.

பிப்ரவரி 14, வெள்ளி

திட்டத்தின் முதல் சோதனையை வைத்துப் பார்ப்பதற்காக ஐபீகேயின் வகுப்பை எங்கள் ஆய்வகத்துக்கு அழைத்தோம். எங்கள் ஊரில் ஆசிரியையை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அதனால் என் மகளும் எழுந்து நின்று, "அக்கா, தீப்பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவளுடைய காது மடல் சிவந்துபோயிற்று.

சோதனை எளிதுதான். தண்ணீரைச் சூடாக்க வேண்டும், ஏறும் வெப்பத்தைக் குறிக்க வேண்டும், கோடு வரைய வேண்டும். நான் மேசை மேசையாகச் சுற்றி வந்தேன். யாருடைய வெப்பமானியும் தொண்ணூற்று மூன்றைத் தாண்டவில்லை. யாருடைய கோடும் நூறுக்குக் கீழே நிற்கவில்லை.

இருப்பதிலேயே சுத்தமாக, அளவுகோல் வைத்து, நூறில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தவள் என் மகள்.

பிப்ரவரி 15, சனி

மாவு பிசைந்துகொண்டே கேட்டேன். என்ன பார்த்தாய்? தொண்ணூற்று மூன்று. என்ன எழுதினாய்? நூறு. ஏன்?

"நம்ம வெப்பமானி பழசுதானேம்மா. புத்தகமா தப்பு சொல்லும்? அதுவுமில்லாம, பரீட்சையில தொண்ணூத்தி மூணுன்னு எழுதினா மார்க் யார் போடுவா, நீயா?"

கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவள் பொய் எழுதவில்லை. தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள், புத்தகத்தை அல்ல. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்தவள். இங்கே இறைச்சி வேக எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரியும். உயரம் ஏறினால் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும் என்பதைத் தேர்வில் மூன்று வரியில் எழுதி முழு மதிப்பெண் வாங்குவாள். இருந்தும் அடுப்பங்கரையும் அந்த மூன்று வரியும் அவள் தலைக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை. சரியான அளவெல்லாம் கீழே, சமவெளியில் இருப்பவர்களிடம்தான் இருக்கிறது. நம்முடையது ஏதோ பழுது. எங்களுக்கு இருக்கும் நினைப்பே இதுதான்.

இப்போது தெளிவாகிவிட்டது. முதல் ஆண்டு, முதல் வாரம், முதல் சோதனை: தண்ணீர் கொதிக்க வைத்தல். ஆய்வகத்துக்குள் பாடநூல் கொண்டுவரக் கூடாது. எதிர்பார்க்கும் விடை தொண்ணூற்று மூன்று. அந்த ஒரு எண்ணின் மேல்தான் நான்கு வருடத்தையும் கட்டப்போகிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

நாள் முழுவதும் சமையலறை மேசையில்தான். எர்மெக்கும் ஐபீகேயும் ஜன்னல் விளிம்பில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள்.

பிஷ்கெக் திட்டத்தில் கரிம வேதியியல் ஆய்வகம் ஜனவரியில் தொடங்குகிறது. எங்களுக்கு ஜனவரியில் குழாய் உறைந்துவிடும். ஓடும் தண்ணீர் இல்லாமல் ஆவியைக் குளிர வைப்பது எப்படி? முதலில் அதை மே மாதத்துக்குத் தள்ளினேன். மாலையில் கரி எடுக்கக் கொட்டகைக்குப் போனபோது முழங்கால் வரை பனிக்குள் நின்றேன். நின்றபடியே சிரித்துவிட்டேன். உலகத்திலேயே மலிவான குளிர்விப்பான் வாசலில் குவிந்துகிடக்கிறது. நான் குழாயைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். கரிம ஆய்வகம் ஜனவரிக்கே திரும்பிவிட்டது. "பனி, வாளி" என்று கருவிகள் பகுதியில் எழுதினேன்.

இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. மூன்றாம் ஆண்டு இயற்பிய வேதியியலில் பிள்ளைகள் தடுக்கி விழுவது வேதியியலால் அல்ல, கணக்கால். ஆகவே கணக்கை முதல் இரண்டு ஆண்டும் விடாமல் வைத்தேன். இரண்டாம் ஆண்டுப் பகுப்பாய்வுக்குக் கொச்கோர் பக்கத்துப் பாறை உப்பு. நான்காம் ஆண்டில் ஆளுக்கொரு சொந்த ஆய்வு: ஆற்று நீர், குளிர்காலக் கரிப்புகை, பெண்குதிரைப் பால் புளிப்பது, எது வேண்டுமானாலும். ஒரே நிபந்தனை: விடை எந்தப் புத்தகத்திலும் இருக்கக் கூடாது.

இதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. இந்தக் குறிப்பில் மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 8

மகளிர் தினம். மற்ற கணவர்கள் டூலிப் பூ வாங்கி வந்தார்கள். எர்மெக் டூலிப்பும், வானிலை நிலையத்தில் கழித்துப்போட்ட காற்றழுத்தமானி ஒன்றும் கொண்டுவந்தார். துடைத்து வைத்தால் வேலை செய்கிறது! எது பெரிய பரிசு என்று அவருக்குத் தெரியும்.

மார்ச் 13, வியாழன்

பிஷ்கெக்கிலிருந்து பதில் வந்துவிட்டது. குழுவின் நிபுணர் ரோஸா ஜகீபோவ்னா. நாங்கள் எல்லோரும் படித்த கேள்வித் தொகுப்பைத் தயாரித்தவர். அவருடைய குறிப்பு நான்கே வரி. முதல் சோதனையில் கொதிநிலை தவறு. வெப்பமானிகள் பழுதடைந்தவை என்று தெரிகிறது. அடிப்படைக் கருவியே சரியில்லாத இடத்தில் பட்டப்படிப்பு தொடங்குவது பற்றி மறுபரிசீலனை தேவை. திருத்தி அனுப்பவும்.

சுயுன்பெக் அண்ணன் படித்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டார். "இவ்வளவுதானா? ஒரு எண்ணு. நூறுன்னு மாத்திட்டு அனுப்பு, கையெழுத்து வந்துடும். வகுப்புல நீ என்ன கொதிக்க வச்சா அவங்களுக்கு என்ன?"

முடியாது என்றேன்.

"ஒரு எண்ணுக்காகப் படிப்பையே விடுவியா? இது தொண்ணூத்தி மூணு இல்ல, உன் பிடிவாதம்."

மார்ச் 14

தூக்கமில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்குதானே? நான் நூறுன்னு எழுதிட்டா செப்டம்பர்ல ஒரு வகுப்பு நிறைய பிள்ளைங்க உட்காருவாங்க. எழுதலைன்னா — எண் மட்டும் சரியா இருக்கும், அறை காலியா இருக்கும். யாருக்கு என்ன லாபம்?

ஆனால் — பிள்ளைகள் நூறு என்று எழுதியதற்குத்தானே இந்தத் திட்டமே? அதை நூறு என்று எழுதி எப்படி அனுப்புவது?

பிற்பகல். அனுப்பிவிட்டேன். எண்ணை மாற்றவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்: எங்கள் ஊரின் காற்றழுத்தத்தில் தண்ணீர் இப்படித்தான் கொதிக்கிறது, தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டுகிறோம். சுயுன்பெக் அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "மூழ்கினா சேர்ந்தே மூழ்குவோம்," என்றார்.

மார்ச் 21, வெள்ளி

நோருஸ், எங்கள் வசந்தப் புத்தாண்டு. தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து முளைக்கோதுமைக் கூழ் கிண்டி, விடிந்ததும் ஊற்றிக்கொடுத்தார்கள். சர்க்கரை ஒரு சிட்டிகை கூட இல்லை. மாவுச்சத்து தானாகவே இனிப்பாகிறது. கிண்ணத்தை வாங்கியபடி அதை எந்த ஆண்டில் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி, "கனிஷாய், முதல்ல சாப்பிடு, பாடம் அப்புறம் எடுக்கலாம்," என்றாள்.

வீட்டுக்கு வந்தால் ஐபீகே மேசையில் என் திட்டத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான்கு ஆண்டையும் படித்துவிட்டாள் போலிருந்தது.

"இது யாருக்காகம்மா எழுதினே?"

இங்கே படிக்கப்போகிறவர்களுக்கு என்றேன்.

"சரி. நான் பிஷ்கெக் போறேன்ல, அங்க எனக்காக யார் எழுதியிருக்காங்க?"

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, கூழின் அடியில் போட்டுக் கிண்டிய கூழாங்கல் தன் கிண்ணத்தில் வந்திருக்கிறதா என்று துழாவத் தொடங்கினாள். கிடைத்தது. நினைத்தது நடக்கும் என்பார்கள். என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்

நிதானமாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

ரோஸா ஜகீபோவ்னா வந்தார். நேரில். கணவாயில் பனி விழுந்ததால் வண்டி தாமதம். வந்து இறங்கும்போது பசியில் முகம் வெளுத்திருந்தது. விருந்தாளியைச் சாப்பிட வைக்காமல் வேலையைப் பற்றிப் பேசுவது இங்கே வழக்கமில்லை. எங்கள் வீட்டில்தான் விருந்து, ஐபீகே பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எர்மெக் காலையிலேயே ஆட்டை அடுப்பில் ஏற்றிவிட்டார். ஆனால் அவர் கணக்குப் பிசகிவிட்டது. டீ வந்தது, பொரித்த ரொட்டித் துண்டுகள் வந்தன, பாலேடு வந்தது, மறுபடி டீ வந்தது. இறைச்சி வரவில்லை. சுயுன்பெக் அண்ணன் தனக்குத் தெரிந்த எல்லா வேடிக்கைக் கதைகளையும் சொல்லித் தீர்த்துவிட்டார். கடைசியில் ரோஸா ஜகீபோவ்னாவே கேட்டுவிட்டார்.

"எங்க வீட்ல இந்நேரம் ரெண்டு ஆடு வெந்திருக்கும். இது என்ன, கிழட்டு ஆடா?"

எர்மெக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆடு இளசுதாங்க. நீங்கதான் மேல ஏறி வந்துட்டீங்க. இங்க தண்ணி சீக்கிரம் கொதிச்சுடும், ஆனா சூடு பத்தாது. அதான் இறைச்சி மெதுவா வேகுது. இங்க சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்."

ரோஸா ஜகீபோவ்னா என் பக்கம் திரும்பினார். நான் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அதைத்தான் முதல் பாடமா வச்சிருக்கேன்," என்றேன். ஆனால் சின்னப் பிள்ளைக்குத் தெரிவது ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் மறந்துபோகிறது என்றும் சொன்னேன். பிப்ரவரியில் ஒரு வகுப்பே நூறு என்று எழுதியதைச் சொன்னேன். யார் யார் என்று சொல்லவில்லை.

அவர் ரொட்டியைப் பிட்டு வைத்தார். பிறகு மெதுவாக: "உயரத்தைப் பத்தி நான் எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். ஆனா காகிதத்துல தொண்ணூத்தி மூணைப் பார்த்ததும் கை தானா சிவப்புப் பேனாவை எடுத்துடுச்சு." யோசித்துவிட்டு, "பிஷ்கெக்கும் கடலோரத்துல இல்லையே. அங்க தொண்ணூத்தி ஏழுதான் வரணும். என் பிள்ளைங்க வருஷா வருஷம் நூறுன்னு எழுதறாங்க. நானும் சரின்னு குறி போட்டுட்டே வர்றேன்," என்றார்.

அதற்குள் இறைச்சி வெந்துவிட்டது. விருந்தாளிக்குரிய எலும்பை எர்மெக் இரண்டு கையாலும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

சாப்பிட்டதும் ஆய்வகம். பட்டப்படிப்பு மாணவர்கள் இன்னும் இல்லையே. அதே பள்ளி வகுப்பை வரவழைத்திருந்தோம். பிப்ரவரிக்குப் பிறகு நான் அவர்களுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் மகளுக்கும் இல்லை. ரோஸா ஜகீபோவ்னா ஒவ்வொரு மேசையாக நின்று பார்த்தார். சிலர் நூறு. சிலர் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தார்கள். ஐபீகேயின் தாளில் தொண்ணூற்று மூன்று. பக்கத்திலேயே, யாரும் கேட்காமலே, ஆய்வகத்தில் வைத்திருந்த எர்மெக்கின் காற்றழுத்தமானியைப் பார்த்துக் காற்றழுத்தத்தையும் குறித்திருந்தாள்.

"புத்தகத்துல நூறுன்னு போட்டிருக்கே?" என்று அவர் கேட்டார்.

"புத்தகத்துல எந்த அழுத்தத்துலன்னும் போட்டிருக்கு. அந்த அழுத்தம் இந்த அறையில இல்ல," என்றாள் என் மகள்.

அவர் அந்தத் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தார். நல்ல பிள்ளை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். யாருடைய பெண் என்று கேட்கவில்லை. வாயை அடக்கத் தெரியாத சுயுன்பெக் அண்ணன், ஆச்சரியம், ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சோதனைக்குழாய்களைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியவைதான்.

மே 18

ஐபீகே பொதுத் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். எப்படி என்று கேட்டால், "எங்க அழுத்தம் போடலையோ அங்க நூறு. பரீட்சை நரின்ல நடக்கல, காகிதத்துல நடக்குது," என்றாள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது. போதும்.

ஜூன் 10, செவ்வாய்

ஏற்றுவிட்டார்கள்! ஒரு எண்ணும் மாறவில்லை. குழுவின் கடிதத்தில் ஒரு வரி: பள்ளி மாணவி ஒருவர் அளந்ததை அளந்தபடியே எழுதிய முறை, இந்தத் திட்டம் எதற்காக என்பதை எங்களுக்குக் காட்டியது.

சுயுன்பெக் அண்ணன் அந்த வரியை உரக்கப் படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "அன்னிக்கு வாயைத் திறக்காம இருந்தேனே, பார்த்தியா? உன் பொண்ணுன்னு சொல்லியிருந்தா இந்த வரி வந்திருக்காது. அம்மா சொல்லிக்கொடுத்ததுன்னு முடிச்சிருப்பாங்க," என்றார்.

நன்றி சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தது என்ற அந்த வாக்கியம் கூடவே வந்தது.

ஜூலை 9

சேர்க்கைக்கு ஆள் பிடிக்கச் சுயுன்பெக் அண்ணன் கிராமம் கிராமமாகச் சுற்றுகிறார். மேய்ச்சல் மலையில் கூடாரம் கூடாரமாக நுழைந்து, குதிரைப்பால் குடித்து, "எங்க தண்ணி தொண்ணூத்தி மூணுல கொதிக்கும், பிஷ்கெக்காரங்களே வந்து பார்த்து ஒத்துக்கிட்டாங்க," என்று சொல்கிறாராம். கதையில் ஆடு இப்போது மூன்றாகிவிட்டது. நூறு என்று மாற்றச் சொன்னவர் இவர்தான் என்றால் அவரே நம்ப மாட்டார்.

ஜூலை 24, வியாழன்

ஐபீகே எங்கே விண்ணப்பிப்பது என்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது என்று நாக்கை மடித்துவைத்திருந்தேன். மதிப்பெண் பிஷ்கெக்குக்குத் தாராளமாகப் போதும். நாத்தனார் புதுப் போர்வை வாங்கிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னாள்.

இன்று மதியம் ஐபீகே வந்து, நரினிலேயே பெயர் பதிந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வெள்ளரிக்காய் நறுக்கத் தொடங்கினாள்.

எனக்காகவா என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"உனக்காக இல்லம்மா. நாலாவது வருஷத்துக்காக. விடை புத்தகத்துல இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கியே, அந்த மாதிரி அங்க இல்ல. நான் தேடிப் பார்த்தேன்." பிறகு கத்தியை நிறுத்தி, "ஒண்ணுதான் கஷ்டம். நாலு வருஷம் உன்னை அக்கான்னு கூப்பிடணும்," என்றாள்.

எர்மெக் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வெங்காயம் எடுக்கிற சாக்கில் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 21

முதல் வகுப்பு நிறைந்துவிட்டது. பாதிப் பேர் மேய்ச்சல்காரர்களின் பிள்ளைகள். அத்-பாஷியிலிருந்து இரட்டையர் இருவர். ஒரு பையன் சுயுன்பெக் அண்ணனிடம், "நிஜமாவே மூணு ஆடா?" என்று கேட்டானாம்.

ஆகஸ்ட் 30, சனி

கடைத்தெருவில் உப்பு வாங்கும்போது எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். என்னைக் கவனிக்கவில்லை. கனிஷாய் மகளுக்கு என்ன கவலை, பட்டம் வீட்டிலேயே தயாராகிறது என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்தாள். கெட்டவர்கள் இல்லை, அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சுயுன்பெக் அண்ணன் அன்று ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதனால்தான் அந்த வரி கிடைத்தது. அவளுடைய தொண்ணூற்று மூன்று அவளுடையதாகவே இருந்தது.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. அட்டவணையில் பொது வேதியியல் ஆய்வகத்துக்கு நேரே என் பெயர். அந்த வகுப்புக்காகத்தான் பிப்ரவரியில் வெப்பமானியைக் கெட்டிலுக்குள் விட்டேன். எத்தனையோ வருடங்களாக அந்த அறையில், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால், முதல் நாள் நிற்பது போல நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெயரை அடித்துவிடப்போகிறேன். சுயுன்பெக் அண்ணன் நடத்தட்டும். அந்தக் கதையை இப்போது என்னைவிட நன்றாகச் சொல்கிறார். நான் ஆசிரியர் பயிற்சி வகுப்பைப் பார்த்துக்கொள்வேன். அடுத்த ஆண்டு அவள் இரண்டாம் ஆண்டுக்கு ஏறியதும் முதலாண்டு எனக்கு. அதற்கடுத்து இரண்டாம் ஆண்டு. நான்கு வருடமும் என் மகளுக்கு ஒரு வருடம் பின்னாலேயே வந்துகொண்டிருப்பேன். அவள் தாளில் என் பேனா படாது. அவள் என்னை அக்கா என்று கூப்பிட வேண்டியதும் இல்லை.

எர்மெக்கிடம் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. நாளை ஞாயிறு, சுயுன்பெக் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடுவேன். திங்கள் காலை அட்டவணையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

அந்த அறையில் முதல் முறை தண்ணீர் கொதிக்கும்போது நான் உள்ளே இருக்க மாட்டேன். மாலையில் அவள் வீட்டுக்கு வரும்போது, என்ன எழுதினாய் என்று கேட்கவும் மாட்டேன்.